ஐந்து குழிகளும் ஒரு கடமான் கன்றும்

கோடை வந்தால் குளமெல்லாம் வற்றிப்போகும் ஒரு காட்டில், நெடுவிழி என்றொரு பெண் கடமான் வாழ்ந்தாள். அவளுக்கு ஒரே மகள், பெயர் கொழுந்து.

நெடுவிழிக்கு நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது. மேயும்போதும் ஒரு காலைத் தூக்கியே வைத்திருப்பாள். இலை அசைந்தால் திரும்பிப் பார்ப்பாள். அசையாவிட்டால், ஏன் அசையவில்லை என்று திரும்பிப் பார்ப்பாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாசி முடிந்து நீர் வற்றத் தொடங்கியதும், இலையும் புல்லும் கிழங்கும் தின்னும் விலங்குகள் ஒன்றுகூடி, மலைக்கு அப்பால் உள்ள ஆற்றங்கரைக்குப் புறப்படும். மூன்று நாள் வழி. அதற்குப் பெருநடை என்று பெயர்.

பெருநடைக்கு முன்னதாக, அந்த ஆண்டு முதன்முறையாக நடக்கப்போகும் இளையவர்கள் அனைவருக்கும் ஒரே தேர்வு. யானைக் கூட்டத்தின் தலைவியாகிய பெரும்பிடி அதை நடத்துவாள். நாவல் மரத்தடியில் ஐந்து குழிகள் தோண்டி, புலி உரசிய மரப்பட்டை, செந்நாயின் உதிர்மயிர், தீயில் கருகிய மூங்கில், சிறுத்தை மிதித்த மண், மலைப்பாம்பு உரித்த தோல் ஆகியவற்றைக் குழிக்கு ஒன்றாக இட்டு, தேக்கிலையால் மூடிவைப்பாள். இலையில் மூக்கு நுழையும் அளவுக்குத் துளை இருக்கும். இளையவர்கள் ஒவ்வொருவராக வந்து முகர்ந்து, அது இன்னதென்று பெரும்பிடியின் காதில் மெல்லச் சொல்ல வேண்டும். அந்தக் காதோ முறம் போன்றது. அதில் சொன்னது வெளியே சிந்தாது.

ஐந்தையும் சரியாகச் சொன்னவரின் நெற்றியில் செம்மண் பூசுவாள். ஒன்று தவறினாலும் வெண்மண்.

செம்மண் பெற்றவர்கள் பெருநடையின் ஓரத்தில், பெரியவர்களுக்கு இடையே காவலாக நடப்பார்கள். வெண்மண் பெற்றவர்கள் யானைகளுக்கு நடுவே, தாயை அருகில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். அவர்களைப் பெரும்பிடி தேர்வு முடிந்ததும் தனியே அழைத்துப் போவாள். அங்கே என்ன நடக்கிறது என்று செம்மண் பெற்றவர்களின் தாய்மார் ஒருவரும் கேட்டதில்லை. திட்டுவாள் போலும் என்று தாமே சொல்லிக்கொண்டார்கள்.

யார் எங்கே நடப்பது என்று அறியத்தான் முன்னோர் இத்தேர்வை வைத்தார்கள். நாளடைவில் அதை எல்லோரும் மறந்தார்கள். வண்ணம் மட்டும் நினைவில் நின்றது. ‘வெண்மண்’ என்பது ஏசும் சொல்லாகிவிட்டது. இரண்டு கன்றுகள் சண்டையிட்டால் முதலில் அந்தச் சொல்தான் வாயில் வரும்.

தேர்வுக்கு ஏழு நாள் இருக்கும்போது, குளக்கரையில் ஒரு புள்ளிமான் நெடுவிழியிடம் பேச்சுக் கொடுத்தாள். தன் மகன் இரண்டு ஓடைக்கு அப்பால் புலி வந்தாலும் இங்கிருந்தே சொல்லிவிடுவான் என்றாள். இத்தனைக்கும் தான் ஒன்றும் பழக்கவில்லை, அவனாகவே பழகிக்கொண்டான் என்றாள். பிறகு, தண்ணீரில் வாய் வைத்தபடியே, உன் மகள் எப்படி என்று கேட்டாள்.

“அவளும் அப்படித்தான்” என்றாள் நெடுவிழி.

சொல்லிவிட்டாளே தவிர, உண்மையில் அவளுக்குத் தெரியாது. அன்று மாலையே மகளைச் சோதித்துப் பார்த்தாள். காற்று வரும் பக்கமாகப் போய்ப் புதருக்குள் மறைந்துகொண்டு, மோப்பம் பிடித்து என்னிடம் வா என்றாள். கொழுந்து இந்தப் பக்கம் நான்கடி, அந்தப் பக்கம் நான்கடி நடந்தாள். தலையை உதறினாள். பிறகு நடுவெளியில் நின்று அழத் தொடங்கினாள்.

“அம்மா, எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. தை மாதம் வரை மணந்தது. இப்போது மணக்கவில்லை.”

“மணக்கவில்லை என்று சொல்லாதே. மனம் வைக்கவில்லை என்று சொல்” என்றாள் தாய்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் ஓய்வில்லை. விடியுமுன் எழுப்பிக் காட்டைச் சுற்ற வைத்தாள் நெடுவிழி. இது எந்த இலை, அது எந்தப் பூ, இந்தச் சாணம் யாருடையது என்று நிற்காமல் கேட்டாள். கொழுந்து கண்ணால் பார்த்துச் சொல்லிவிடாதபடி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். கண்ணை மூடியதும் கன்றின் வாயும் மூடிக்கொண்டது. மற்ற கன்றுகள் மணலில் துள்ளி விளையாடும்போது, இவள் காட்டு மல்லிக்கும் எருக்கம்பூவுக்கும் வேறுபாடு தெரியாமல் நின்றாள். மூன்று நாளில் அவள் விலா எலும்பு வெளியே தெரிந்தது.

இதையெல்லாம் மரத்தின் மேலிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முசு; கருமுகக் குரங்கு. பெயர் உச்சியான். தனக்குத் தெரியாதது இந்தக் காட்டில் ஒன்றுமில்லை என்று நாலு பேர் சொல்லக் கேட்பதே அவனுக்கு உணவு; பழமெல்லாம் அப்புறம்தான்.

“ஏன் தங்கச்சி இப்படி ஓடுகிறாய்? நீ ஓடுவதைப் பார்த்து எனக்கு மூச்சு வாங்குகிறது” என்றான்.

நெடுவிழி தன் கவலையைச் சொன்னாள். உச்சியான் வாலைத் தொங்கவிட்டுச் சிரித்தான். அவள் மகளுக்கு மோப்பம் எதற்கு என்று கேட்டான். நாவல் மரத்தில் உட்கார்ந்து பதினோர் ஆண்டுகளாகத் தான் இந்தத் தேர்வைப் பார்த்துவருவதாகவும், பெரும்பிடி தன் தாய் வைத்த வரிசையை இன்றுவரை மாற்றியதே இல்லை என்றும் சொன்னான்.

“புலி, செந்நாய், தீ, சிறுத்தை, பாம்பு. இவ்வளவுதான். ஐந்து சொல் மனப்பாடம் செய்ய உன் மகளால் முடியாதா?”

தவறு என்று நெடுவிழிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் குளக்கரையில் புள்ளிமான் கேட்ட கேள்வி காதிலேயே இருந்தது. உச்சியான் அண்ணனைப் போல் அறிந்தவர் இந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லி வணங்கிவிட்டு நடந்தாள். முசுவுக்கு அன்று வயிறு நிறைந்தது.

மறுநாளிலிருந்து முகர்வது நின்றது. ஒப்பிப்பது தொடங்கியது. தண்ணீர் குடிக்குமுன் ஒரு முறை. குடித்தபின் ஒரு முறை. படுக்குமுன் ஐந்து முறை. கொழுந்து உறக்கத்திலும் ‘தீ, சிறுத்தை’ என்று முனகினாள்.

“அம்மா, குழியில் மூக்கை வைத்ததும் மணக்காவிட்டால்?”

“மணந்ததுபோல் மூச்சை இழு. பிறகு சொல்.”

“உண்மையாகவே மணக்கவில்லையே அம்மா. பெரும்பிடியிடம் சொல்லிவிடலாமா?”

“சொன்னால் வெண்மண் பூசுவார்கள். ஊர் சிரிக்கும். நீ வரிசையைச் சொல்” என்றாள் நெடுவிழி.

தேர்வு நாள் வந்தது. நாவல் மரத்தடியில் கன்றுகளும் குட்டிகளும் வரிசையில் நின்றன. சற்றுத் தள்ளி நின்ற தாய்மாரின் கால்கள்தாம் குட்டிகளின் கால்களைவிட அதிகமாக நடுங்கின. காட்டுப்பன்றித் தாய் ஒருத்தி மட்டும் கவலையின்றிக் கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் கிழங்கி. அவளுக்கு ஆறு குட்டிகள். ஆறும் அன்று தேர்வுக்கு வந்திருந்தன. அவற்றில் நாலுக்குச் செம்மண் கிடைத்தது, இரண்டுக்கு வெண்மண். தேறாத இரண்டில் சிறியதன் பெயர் உருளி.

இரண்டு போய்விட்டதே என்று புள்ளிமான் பரிவு காட்டுவதுபோல் சொன்னதற்கு, கிழங்கி மூக்கில் ஒட்டிய மண்ணைக்கூடத் துடைக்காமல் மறுமொழி சொன்னாள்: “எங்கே போய்விட்டது? அதோ நிற்கிறதே.”

கொழுந்தின் முறை வந்தது. அவள் குழிக்குக் குழி மூக்கை வைத்தாள். தாய் சொன்னபடி மூச்சை இழுத்தாள். பெரும்பிடியின் காதில் ஐந்து சொல் சொன்னாள். ஒரு குழியிலும் தயங்கவில்லை. பெரும்பிடி வியந்துபோனாள். அறுபது பேரைச் சோதித்துக் களைத்திருந்த அவளுக்கு, இவ்வளவு விரைவாகச் சொன்ன கன்று மகிழ்ச்சி தந்தது. செம்மண்ணைத் துதிக்கையில் எடுத்து, மற்றவர்களுக்குப் பூசியதைவிடச் சற்று அகலமாகவே பூசினாள்.

நெடுவிழி நெடுநாளைக்குப் பிறகு நான்கு காலையும் தரையில் ஊன்றி நின்றாள்.

அது அன்று மாலை வரைதான் நிலைத்தது. மாலையில் பெரும்பிடி பெருநடையின் இடங்களை அறிவித்தாள். இடப்பக்க ஓரத்தின் நடுப்பகுதியில், பாலப்பன் என்னும் முதிய காட்டெருது நடப்பான். அவன் கொம்பு வலிது. ஆனால் வயதினால் மோப்பம் மங்கிவிட்டது. ஆகையால் எல்லாரிலும் விரைவாக விடை சொன்ன கொழுந்து அவனருகே நடந்து, அவன் கேட்கும்போதெல்லாம் காற்றில் என்ன இருக்கிறதென்று சொல்ல வேண்டும். செம்மண் பிள்ளைகளின் தாய்மார் வழக்கம்போல் வரிசையின் கடைசியில் பின்காவலாக வர வேண்டும்.

அதாவது, மிகவும் கடினமான இடம் கொழுந்துக்குக் கிடைத்தது. தாயோ கூப்பிடு தொலைவில்கூட இருக்க மாட்டாள்.

நெடுவிழிக்கு அன்று புல் இறங்கவில்லை. விடியற்காலையில் பெரும்பிடியைத் தேடிப் போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். பெரும்பிடி கூட்டத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். நெடுவிழியைக் கண்டதும் என்ன என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்துப் புள்ளிமான் அங்கே வந்தாள். “காட்டெருதுக்கே மோப்பம் சொல்லப்போகும் பிள்ளையைப் பெற்றவள் இவள்தான்” என்று பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொன்னாள். எல்லோரும் நெடுவிழியைப் பார்த்தார்கள்.

“ஒன்றுமில்லை. எத்தனை நாழிகைக்குப் புறப்படுகிறோம் என்று கேட்க வந்தேன்” என்றாள் நெடுவிழி.

திரும்பும் வழியில் கிழங்கி எதிரே வந்தாள். வெண்மண் பூசிய இரண்டு குட்டிகளும் அவள் காலைச் சுற்றி உருண்டுகொண்டிருந்தன. கொழுந்து காவல் நிற்கும் இடத்திற்கு நேரே உள்ளேதான் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது.

“உன் மகள் ஓரத்தில் இருக்கிறாள் என்று கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி தங்கச்சி. இந்த இரண்டையும் அவள் மூக்கை நம்பித்தான் கூட்டிப் போகிறேன்” என்றாள் கிழங்கி.

நெடுவிழி தலையை ஆட்டினாள். பெருநடை புறப்பட்டது.

முதல் நாள் திறந்த புல்வெளி; எதுவும் நிகழவில்லை. வரிசையின் கடைசியில் வந்த நெடுவிழி முன்னே எட்டிப் பார்ப்பதும், எட்டிப் பார்த்து இடத்தை விட்டதற்காகப் பின்காவல் யானையிடம் திட்டு வாங்குவதுமாக நடந்தாள். ஒரு நாள் போயிற்று, இன்னும் இரண்டு நாள்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் வழி மலைச்சரிவில் ஏறி, மூங்கில் காட்டுக்குள் நுழைந்தது. அங்கே பாதை குறுகல். காற்று மூங்கிலில் புகுந்து ஓலமிட்டது. பாலப்பன் தன் பக்கத்தில் நடந்த கன்றைப் பார்த்து முதன்முறையாகக் கேட்டான்.

“பாப்பா, காற்றில் என்ன வருகிறது?”

கொழுந்துக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஆகவே அவள் மூச்சை இழுத்தாள். கற்றதைச் சொன்னாள்.

“புலி.”

பாலப்பன் முழங்கினான். ‘புலி, புலி’ என்று செய்தி வாய்க்கு வாய் வரிசையின் இரு முனைக்கும் ஓடியது. யானைகள் பிளிறின. தாய்மார் குட்டிகளைக் காலுக்குள் இழுத்துக்கொண்டார்கள். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். புலி வரவில்லை. பெருநடை மீண்டும் நகர்ந்தது. புலி வழிமாறிப் போயிருக்கும் என்றார்கள். கன்றின் கூர்மையைப் புகழ்ந்தார்கள்.

கடைசியில் நின்ற நெடுவிழி காற்றை முகர்ந்து பார்த்திருந்தாள். புலிவாடை துளியும் இல்லை.

சற்று நேரம் சென்றது. ‘செந்நாய், செந்நாய்’ என்று மறுபடியும் செய்தி வந்தது. மறுபடியும் எல்லோரும் நின்றார்கள். செந்நாயும் வரவில்லை. இம்முறை யாரும் புகழவில்லை.

நெடுவிழிக்குப் புரிந்துவிட்டது. புலி, பிறகு செந்நாய். அவள் மகள் காட்டை முகரவில்லை. நாவல் மரத்தடிக் குழிகளை ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். இப்போதே ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். இன்னும் ஒரு வளைவுதானே, மூங்கில் காடு முடிந்துவிடும் என்றும் நினைத்தாள். இரண்டுக்கும் நடுவே அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

‘தீ’ என்றது மூன்றாம் செய்தி. வானத்தில் புகை இல்லை. சிலர் சிரித்தார்கள். கன்று பயந்திருக்கிறது, தண்ணீர் கொடுங்கள் என்று முன்னாலிருந்து பெரும்பிடி சொல்லியனுப்பினாள்.

அப்போதுதான் காற்று திரும்பியது.

மூங்கில் புதர்களின் அடியிலிருந்து வாடை எழுந்து நெடுவிழியின் மூக்கில் நேராக வந்து மோதியது. செந்நாய். ஒன்றல்ல, ஏழெட்டு. இடப்பக்கம், தாழ்வாக, நடுவரிசைக்கு மிக அருகில். அவள் கழுத்தை நிமிர்த்திய அதே கணத்தில் நான்காம் செய்தி வாய்க்கு வாய் வந்து சேர்ந்தது.

‘சிறுத்தை.’

சிறுத்தை என்றால் மரத்திலிருந்து பாயும். ஆகவே வரிசை முழுவதும், யானையும் எருதும் மானும் பன்றியும், தலையை உயர்த்தி மரக்கிளைகளைப் பார்த்தார்கள். ஒருவர்கூடத் தரையைப் பார்க்கவில்லை.

நெடுவிழி ஓடினாள். பின்காவல் யானை தடுத்ததைப் பொருட்படுத்தவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினாள். “செந்நாய்! கீழே பாருங்கள். என் மகள் சொன்னதை நம்பாதீர்கள். கீழே பாருங்கள்.”

அந்தக் குரல் போய்ச் சேருமுன் செந்நாய்கள் பாய்ந்துவிட்டன. கொழுந்தைத் தாண்டி, வெண்மண் பூசிய குட்டிகளை நோக்கிப் பாய்ந்தன. முதல் நாய் உருளியின் பின்னங்காலைக் கவ்வி மூங்கிலுக்குள் இழுத்தது. கிழங்கி அதன்மேல் விழுந்தாள். நெடுவிழியின் குரலைக் கேட்டுத் தலையைத் தாழ்த்திய பாலப்பன், கொம்பில் அகப்பட்டதையெல்லாம் தூக்கி எறிந்தான். பெரும்பிடி திரும்பி ஓடிவந்து மூங்கிலோடு சேர்த்து மிதித்தாள். எண்ணி இருபது மூச்சு விடுவதற்குள் செந்நாய்கள் ஓடிவிட்டன.

உருளி உயிரோடு இருந்தான். ஆனால் அவனுடைய பின்னங்கால் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது.

சரிவுக்கு அப்பால் ஓர் உவர்நிலமும், அதனருகே ஒரு சுனையும் இருந்தன. பெருநடை அங்கே நின்றது. எல்லோரும் வட்டமாக நிற்க, நடுவில் செம்மண் நெற்றியோடு கொழுந்து நின்றாள். பெரும்பிடி அவளைக் கேட்டாள்.

“ஐந்து குழியிலும் பிழையின்றிச் சொன்ன உனக்கு, எதிரே வந்த செந்நாய் தெரியவில்லையா?”

கொழுந்து தாயைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “எனக்கு மோப்பம் இல்லை. அம்மாவுக்கு இது தெரியாது. நான் சொல்லவே இல்லை” என்றாள்.

நெடுவிழியின் வாழ்நாளில் அதைப்போல் அவளைச் சுட்ட சொல் வேறொன்று இல்லை. அவள் வட்டத்துக்குள் வந்து மகளின் அருகே நின்றாள்.

“சொன்னாள். ஒரு முறை அல்ல, பல முறை சொன்னாள். தை மாதத்திலிருந்து மணக்கவில்லை என்றாள். உங்களிடம் சொல்லிவிடலாமா என்றுகூடக் கேட்டாள். நான்தான் வாயை அடைத்தேன். குழிகளின் வரிசையை மனப்பாடம் செய்வித்ததும் நான்தான்.”

வரிசையை யார் சொன்னது என்று பெரும்பிடி கேட்டாள். நெடுவிழி சொன்னாள். அதுவரை மரத்துக்கு மரம் தாவிக் கூடவே வந்தவனைத் தேடி எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது, அங்கே ஒரு கிளை ஆடிக்கொண்டிருந்தது; கிளையில் யாரும் இல்லை. எல்லாம் அறிந்த உச்சியானுக்கு, எப்போது கிளம்ப வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

புள்ளிமான் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரும்பிடி அவளைப் பார்த்த பார்வையில் அந்தச் சொல் உள்ளேயே நின்றுவிட்டது.

“வரிசையை மாற்றாமல் வைத்தது என் சோம்பல். அதற்கு நான் பொறுப்பு” என்றாள் பெரும்பிடி. “நீ சொல், நெடுவிழி. வெண்மண் பூசிய பிள்ளைகளை நான் தனியே அழைத்துப் போய் என்ன செய்கிறேன் என்று நினைத்தாய்?”

“திட்டுவீர்கள் என்று.”

பெரும்பிடி கன்றை வெயிலுக்கு நேரே நிறுத்தி, துதிக்கை நுனியால் அதன் முகவாயைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூக்குத் துளைக்குள் பார்த்தாள். முதலில் வலத்துளை; பிறகு இடத்துளை. பார்த்துவிட்டு, உவர்மண்ணைச் சுனைநீரில் கரைத்துத் துதிக்கையில் உறிஞ்சி, கன்றின் மூக்கில் பீய்ச்சினாள்.

கொழுந்து துள்ளினாள், இருமினாள், கூட்டமே அதிரும்படி ஏழு முறை தும்மினாள். ஏழாம் தும்மலில் கறுத்துப் பருத்த ஓர் அட்டை வெளியே வந்து விழுந்தது. பெரும்பிடி மறுபடியும் பீய்ச்சினாள். இன்னோர் அட்டை விழுந்தது. கலங்கிய குட்டையில் நீர் குடிக்கும்போது தை மாதத்தில் நுழைந்தவை. இரண்டு மாதமாக அங்கேயே இருந்து இரத்தம் குடித்து வளர்ந்தவை.

“இதைத்தான் செய்கிறேன்” என்றாள் பெரும்பிடி. “இந்த ஆண்டு வெண்மண் பெற்றவர்களில் ஒன்பது பேருக்கு மூக்கில் அட்டை. நாலு பேருக்குக் காய்ச்சல். மற்றவர்களுக்கு இன்னும் பழக்கம் போதவில்லை, பழக்கிக்கொண்டிருக்கிறேன். உன் மகள் அன்று தெரியவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அன்றைக்கே இது முடிந்திருக்கும்.”

அவள் சுனைக்கரையில் துழாவி வெண்மண் எடுத்தாள். கொழுந்தின் நெற்றியில் இருந்த செம்மண்ணைக் கழுவிவிட்டு, வெண்மண்ணைப் பூசினாள். காட்டின் இருட்டிலும் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது இந்த நிறம்தான், அதனால்தான் காக்க வேண்டியவர்களுக்கு இதைப் பூசுகிறோம் என்று சொல்லியபடியே பூசினாள். கேட்டுக்கொண்டிருந்த தாய்மாரில் பலர் அன்றுதான் அதை முதன்முறையாகக் கேட்டார்கள்.

“இனி நான் நடுவில் நடக்கலாமா? அம்மாவும் கூட வரலாமா?” என்று கேட்டாள் கொழுந்து. ஆம் என்றதும், அந்தக் கன்று ஒன்பது நாளைக்குப் பிறகு காதை ஆட்டியது.

நெடுவிழி கிழங்கியிடம் போனாள். கிழங்கி தன் குட்டியின் காலை நக்கிக்கொண்டிருந்தாள். அக்கா என்று அழைத்தும் நிமிரவில்லை. நெடுவிழி அங்கிருந்து நகரவுமில்லை. வெகுநேரம் கழித்துக் கிழங்கி பேசினாள்.

“என் பிள்ளைகள் தேறவில்லை என்று நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. உன் பிள்ளை தேறிவிட்டாள் என்று நம்பினேனே, அதற்குத்தான் இன்று வெட்கப்படுகிறேன்.”

நெடுவிழி மூங்கில் தழைகளைக் கடித்துக் கொண்டுவந்து, குட்டியின் தலைமாட்டில் நிழலாக வைத்தாள். வெயில் திரும்பத் திரும்பத் தழைகளையும் திருப்பி வைத்தாள்.

அப்போது கொழுந்து அங்கே வந்தாள். அவளுடைய மூக்கு துடித்துக்கொண்டிருந்தது. உவர்மண், ஈர மூங்கில், யானையின் முதுகில் காய்ந்த சேறு, தாயின் வியர்வை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே நுழைந்து அவளைத் திணறடித்தன. அவற்றுக்கு நடுவே ஒரு மணம் மட்டும் அவளுக்குப் புரியவில்லை. அதைப் பின்பற்றி அடிமேல் அடி வைத்து வந்து, உருளியின் பக்கத்தில் நின்றாள்.

“அம்மா, இங்கே ஏதோ மணக்கிறது. நீ சொல்லிக்கொடுத்த ஐந்தில் இது இல்லையே. இது என்ன?”

கிழங்கி இப்போதுதான் தலையை நிமிர்த்தி, நெடுவிழி என்ன சொல்லப்போகிறாள் என்று அவளையே பார்த்தாள்.

“இரத்தம்” என்றாள் நெடுவிழி. “நாம் மறைத்ததனால் இவன் காலில் வந்த இரத்தம்.”

கொழுந்து முன்னங்கால்களை மடக்கி, அடிபட்ட குட்டியின் பக்கத்தில் படுத்தாள். கிழங்கி தன் பெரிய உடம்பைச் சற்று நகர்த்தி அவளுக்கு இடம் விட்டாள்.

நீதி: பிள்ளைக்கு எங்கே துணை வேண்டும் என்று காட்டுவதற்கே தேர்வு; குறையை மறைத்துப் பெறும் தேர்ச்சி, வரவேண்டிய துணையைத் தடுத்துவிடும்.